மூன்று நொடி பொறுங்கள்

கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இன்னமும் கஷ்டமான வேலை இதுதான். ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

தவறான விடையைப் பார்த்ததும் சிவப்பு மையை எடுக்காதீர்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் 2/5 என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். "எப்படி வந்தது, சொல்லேன்" என்றேன். "மேலே உள்ளதைக் கூட்டினேன், கீழே உள்ளதையும் கூட்டினேன்." அவளுக்கென்று ஒரு நியாயம் இருந்தது! "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று மட்டும் கேட்டேன். நோட்டையே முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளே ரப்பரைத் தேடினாள்.

பாராட்டும்போது "கெட்டிக்காரி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "விடையை நீயே சரிபார்த்தாய்" என்று செய்த காரியத்தைச் சொல்லுங்கள். பெயரைச் சரியாக உச்சரியுங்கள். முந்தின நாள் வராத பிள்ளையை, விடுபட்ட பாடத்தைக் காட்டி வரவேற்றுப் பாருங்கள். காரணம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.