அனா மரியா மத்தூத்தேயை எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பானிய எழுத்தாளர்; பார்சிலோனாவில் 1925-இல் பிறந்தவர். 2010-இல் ஸ்பானிய மொழி இலக்கியத்தின் உயரிய விருதான செர்வாந்தெஸ் விருது பெற்றவர். முதலில் 'பிரிமேரா மெமோரியா'வை எடுங்கள். உள்நாட்டுப் போர் மூளும் நேரத்தில் தீவிலுள்ள பாட்டி வீட்டில் மாட்டிக்கொண்ட சிறுமியின் கதை. ஆங்கிலத்தில் 'ஸ்கூல் ஆஃப் தி சன்', 'தி ஐலண்ட்' இரண்டுமே இந்த நாவல்தான். மூலத் தலைப்பைப் பார்க்காமல் வாங்கினால் காசு இருமுறை போகும். இது ஒரு முத்தொகுதியின் முதல் நாவல்; மற்ற இரண்டும் (1964, 1969) பிறகு.

குழந்தைகளுக்கென்றால் 'எல் பொலிசோன் தெல் உலிசெஸ்' வாங்குங்கள். 'லோஸ் நீன்யோஸ் தோந்தோஸ்' (1956) வேண்டாம்: தலைப்பில்தான் குழந்தைகள், உள்ளே சாவு. மிகச் சிறிய கதைகள், ஆனால் பெரியவர்களுக்கே கனம்.

'லூசியெர்னகாஸ்' நாவல் தணிக்கையில் சிக்கி, 1955-இல் வேறு பெயரில், மாற்றங்களோடு வந்தது. ஆகவே 1993 பதிப்பையே தேடுங்கள். தடித்த 'ஒல்விதாதோ ரெய் குதூ' (1996) கடைசியில் இருக்கட்டும்.