முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆர்.பி.என். வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் ஆர்.பி.என். (டிப்ளோமா படித்துப் பதிவுபெற்ற தாதி) ஆக வேலை செய்கிறார்கள். ஊரில் தாதியாக இருந்துவிட்டு இங்கே வந்து மறுபடி படித்தவர்கள் இருக்கிறார்கள். பி.எஸ்.டபிள்யூவாக, அதாவது முதியவர்களின் அன்றாடத் தேவைகளைப் பார்க்கும் உதவியாளராக, பல வருடம் உழைத்துவிட்டு இரண்டு வருட டிப்ளோமா முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆர்.பி.என். ஆவதற்கான ரெக்ஸ்-பிஎன் பரீட்சை பாஸாகி, தாதிகளைப் பதியும் அமைப்பான காலேஜ் ஒஃப் நேர்சஸில் பதிவு கிடைத்து, வேலை பழகும் நாட்கள் முடிந்த கையோடு ஒரு தளமே அவர்கள் பொறுப்பில் வந்துவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரையில், இந்த வேலையில் படிப்புப் போதாமல் நடக்கிற தவறுகள் குறைவு. மணிக்கூட்டையும் மருந்து வண்டியையும் பார்த்துப் பார்த்தே ஆளைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

காலை மருந்துச் சுற்று

ஒன்ராறியோவின் வடிவமைப்பு விதிப்படி கட்டிய இல்லங்களில் ஒரு பகுதியில் 32 பேர் வரை இருப்பார்கள். பகல் ஷிஃப்டில் பெரும்பாலும் அத்தனை பேருக்கும் ஒரே ஆர்.பி.என். எட்டு மணி மருந்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம், பின்னால் ஒரு மணித்தியாலம் என்று வைத்தால், ஆளுக்கு நாலு நிமிடம்கூட வராது. அதற்குள் இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டும், இன்சுலின் போடவேண்டும், கண்ணுக்குத் துளிமருந்து விடவேண்டும், இடையில் ஃபோன் அடித்தால் எடுக்கவும் வேண்டும்.

இந்த அவசரத்தில் ஆளை உறுதிப்படுத்தாமலே மருந்து கொடுத்துவிடுவது நடக்கிறது. "நீங்கள் மிஸிஸ் பிரவுனா?" என்று கேட்டால், மறதி வருத்தம் உள்ளவர் சிரித்துக்கொண்டே ஓம் என்பார். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஓம் என்பார். திரையில் உள்ள படத்தைப் பாருங்கள். ஆனால் அது மூன்று வருடத்துக்கு முன், ஆள் பத்துக் கிலோ கூடுதலாக இருந்தபோது எடுத்ததாக இருக்கலாம். முகம் பழக்கமில்லையென்றால் அந்தப் பகுதி பி.எஸ்.டபிள்யூவைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழர் உள்ள தளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பனின் பெயர் கடைசிப் பெயராகப் பதிவாகியிருக்கும், ஒரே கடைசிப் பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்தே பாருங்கள்.

அடுத்தது, எல்லாக் குளிசையையும் இடித்து ஆப்பிள் சோஸில் கலப்பது. விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு இடித்துக் கொடுப்பது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் இடிக்க முடியாது. ஹைட்ரோமோர்ஃப் கொன்டின் போன்ற மெதுவாகக் கரையும் வலிமருந்தை இடித்தால், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு உரிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். மூச்சு அடங்கிப்போகும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை இடித்தால் வயிற்று அமிலமே அதை அழித்துவிடும். எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேற் வெறும் வயிற்றில், முழுக் கோப்பைப் பச்சைத் தண்ணீரோடு, நிமிர்ந்து இருந்து விழுங்கவேண்டிய குளிசை. இடித்துக் கொடுத்தால் தொண்டை புண்ணாகிவிடும். இடிக்கக்கூடாத குளிசை வந்தால் பார்மசிக்கு ஃபோன் அடியுங்கள். திரவமாகவோ வேறு வடிவிலோ பெரும்பாலும் கிடைக்கும். இன்னொன்று, மருந்தை வேண்டாம் என்கிறவருக்குச் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுப்பதைத் தாதி தன் பாட்டில் முடிவெடுக்க முடியாது. சம்மதம் கொடுக்க உரிமை உள்ளவரோடு கதைத்து, பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கவேண்டும்.

பார்க்கின்சன் உள்ளவரின் லெவோடோபாவை, சுற்றில் அவர் முறை வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். அரை மணித்தியாலம் பிந்தினாலே உடம்பு இறுகிவிடும். கரண்டி பிடிக்க முடியாது, விழுங்க முடியாது, நடக்க எழுந்தால் விழுவார். வண்டியை அவருடைய அறையில் இருந்து தொடங்குங்கள்.

கொடுத்தாயிற்று என்று திரையில் தட்டிவிட்டு நகர்வதிலும் பிசகு வரும். ஓர் அம்மா இருந்தார். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார், நாக்கில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் பற்செட்டைக் கழற்றினால், தட்டுக்கும் முரசுக்கும் நடுவில் காலையில் கொடுத்த வெள்ளைக் குளிசை பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷர் குறையவில்லையே என்று டொக்டர் மருந்தைக் கூட்டப் போனார். பல் கழுவிவிடும் பி.எஸ்.டபிள்யூ வந்து சொன்னபிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்தப் பி.எஸ்.டபிள்யூ சொல்லாமல் விட்டிருந்தால், ஒருநாள் இரண்டு மடங்கு மருந்து உண்மையிலேயே உள்ளே போய், அந்த அம்மா தலைசுற்றி விழுந்திருப்பார்.

இன்சுலினில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்ராறியோவில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற தாதி எட்டு முதியவர்களை இன்சுலின் ஏற்றியே கொன்றார். பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. அதை விசாரித்த ஆணைக்குழு 2019இல் 91 பரிந்துரைகள் கொடுத்தது. மருந்தின் கணக்கு வழக்கைக் கண்டிப்பாகப் பார்க்கவேண்டும் என்பது அதில் பெரிய பகுதி. எனவே எண்ணிக்கை பார்க்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அன்றாடம் நடக்கும் தவறு வேறு: துரித இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பாடு வந்ததா, சாப்பிட்டாரா என்று பார்க்காமல் விடுவது. காலையில் இருந்து ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிறவருக்கு ஊசி போடுமுன் நில்லுங்கள். சீனி 4.0 mmol/Lக்குக் கீழே போனால், விழுங்கக்கூடியவருக்கு 150 மில்லி ஜூஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயக்கமாக இருப்பவரின் வாயில் ஒன்றையும் ஊற்றவேண்டாம்.

மோர்ஃபின், ஹைட்ரோமோர்ஃபோன் என்ற இரண்டு வலிமருந்தும் பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஹைட்ரோமோர்ஃபோனின் வீரியமோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஷிஃப்ட் மாறும்போது இந்த மருந்துகளை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவதை, "நீ எண்ணு, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று முடிக்காதீர்கள்.

"இன்றைக்கு ஆள் ஒரு மாதிரி இருக்கிறார்"

பி.எஸ்.டபிள்யூ வந்து இப்படிச் சொல்லும்போது, "சரி, பிறகு பார்க்கிறேன்" என்பதுதான் இந்த வேலையில் ஆகப் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். முதியவரைக் குளிப்பாட்டுவதும், உடுப்பு மாற்றுவதும், ஊட்டிவிடுவதும் பி.எஸ்.டபிள்யூதான். ஒன்ராறியோ விதிப்படி கிழமைக்குக் குறைந்தது இரண்டு முறை குளிப்பாட்டவேண்டும். உடம்பின் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்க்கிறவர் சொல்லும் சொல் அது. வழக்கமாகத் திட்டுகிறவர் இன்றைக்குத் திட்டவில்லை, வழக்கமாக முழுத் தேநீரும் குடிப்பவர் பாதியில் வைத்துவிட்டார் என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது.

மறதி வருத்தம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கூடுவது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஆள் மாறிவிட்டார் என்றால் அது டெலிரியமாக, அதாவது உடம்பில் ஏதோ கோளாறால் திடீரென்று வரும் குழப்பமாக, இருக்கலாம். கத்திக் குழப்பம் செய்கிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சோர்ந்து, கதிரையில் தலை தொங்க இருப்பவரை "இன்றைக்கு நல்ல அமைதி" என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேயும் அதே அளவுதான்.

உடனே சிறுநீருக்குக் குச்சி முக்கிப் பார்ப்பது பழைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். இந்த இல்லங்களில் வாழும் பெண்களில் பாதிப்பேர் வரைக்கும், ஒரு நோயும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். குச்சி நிறம் மாறியது, அன்டிபயோட்டிக் தொடங்கியாயிற்று என்று எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். உண்மையான காரணம் உள்ளேயே இருக்கும். அது மூன்று நாளாக மலம் போகாததாக இருக்கலாம், தண்ணீர் குடிக்காததாக இருக்கலாம், போன கிழமை தொடங்கிய புது மருந்தாக இருக்கலாம், சொல்லத் தெரியாத வலியாகவும் இருக்கலாம்.

அப்புறம், மூச்சை எண்ணுங்கள். பலருடைய பதிவிலும் எல்லா நாளும் 18 என்றே இருக்கும். நிமிடம் முழுக்க நெஞ்சைப் பார்த்து எண்ணினால்தான் அது 26 என்று தெரியவரும். 25க்கு மேல் போனால் நிமோனியாவை நினைக்கவேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாது, 37.8ஐத் தாண்டினாலே காய்ச்சல்தான்.

இதெல்லாம் பார்த்தபிறகு ஆர்.என்.ஐ (ஆர்.பி.என்.னைவிடக் கூடுதலாகப் படித்த பதிவுத் தாதியை) கூப்பிடத் தயங்குவது எங்களில் பலரிடம் உண்டு. பெரியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஊர் ஆஸ்பத்திரியில் பழகியவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கு ஃபோன் எடுக்கக் கை வராது. ஆனால் இங்கே ஆர்.பி.என்.னின் எல்லையே அதுதான். நிலைமை சீராக, எதிர்பார்த்தபடி போகிறவரை நீங்கள் தனியாகப் பார்க்கலாம். சிக்கலாகி, அடுத்து என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நிலை வந்தால் ஆர்.என்.னோடு சேர்ந்துதான் பார்க்கவேண்டும். இல்லத்தில் 24 மணித்தியாலமும் ஓர் ஆர்.என். இருக்கவேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். கூப்பிடும்போது "ஆள் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வழக்கமாக எப்படி இருப்பார், இப்போது எப்படி, எப்போதிருந்து, எண்கள் என்ன, உங்களுக்கு என்ன தேவை, இதைச் சொன்னால் போதும்.

விழுந்தவர், படுத்திருப்பவர், சாப்பிடுகிறவர்

விழுந்தவரைக் கண்டதும் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். விழுந்ததை ஒருவரும் காணவில்லையென்றால் தலை அடிபட்டதாகவே எடுத்து, கண்மணி, நினைவு, கைகால் பலம் எல்லாவற்றையும் இல்லத்தின் ஒழுங்குப்படி நேரத்துக்கு நேரம் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்சபான் எடுப்பவருக்கு மண்டைக்குள் இரத்தம் கசிவது நாள் கழித்தும் தெரியலாம். தூக்கும் மெஷினை ஒருபோதும் தனியாக இயக்காதீர்கள்.

படுக்கைப் புண் பாடத்தில் "சிவந்திருக்கும்" என்று படித்திருப்போம். தமிழ் ஐயாவின் குதிக்காலிலோ கரீபியன் அம்மாவின் இடுப்பிலோ அந்தச் சிவப்புத் தெரியாது. தோல் சற்று ஊதா கலந்து கறுத்திருக்கும், அல்லது நிறம் மாறாமலே இருக்கும். கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிராகவோ, இறுகியோ பொதபொதத்தோ இருந்தால் அங்கே அழுத்தம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அமத்திவிட்டு நிறம் மாறுகிறதா என்று மட்டும் பார்த்தால் தவறவிடுவீர்கள்.

சாப்பாட்டில் எங்கள் குடும்பங்களோடு கொஞ்சம் பொறுமையாகக் கதைக்கவேண்டும். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று மகள் புட்டும் ரசமும் கொண்டுவருவார். அம்மாவுக்கோ மசித்த சாப்பாடும் தடித்த பானமும் என்று எழுதியிருக்கும். புட்டு உதிர்ந்து தொண்டையில் சிக்கும்; ரசம் தண்ணீர்போல ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். "கொடுக்கக்கூடாது" என்று பெட்டியைத் திருப்பி அனுப்பினால், அடுத்தமுறை கதவைச் சாத்திவிட்டு ஒளித்து ஊட்டுவார்கள். டயட்டீஷியனைக் கூப்பிட்டு, சோறும் பருப்பும் குழைத்து எப்படிக் கொடுக்கலாம், ரசத்தை எப்படித் தடிப்பாக்கலாம் என்று காட்டிக்கொடுங்கள். நிமிர்த்தி இருத்தித்தான் ஊட்டவேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கவிடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது, யாரிடம் சொல்வது

லண்டனில் இருந்து மூத்த மகன் ஃபோனில் சத்தமாகக் கதைக்கிறார் என்பதற்காக அவர் சொல்வது முடிவாகாது. முதியவருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருந்தால், முதலில் அவரைத்தான் கேட்கவேண்டும். இல்லையென்றால், 1996ஆம் ஆண்டின் சுகாதாரச் சம்மதச் சட்டத்தில் வரிசை இருக்கிறது. பவர் ஒஃப் அட்டோர்னி (தனக்காக முடிவெடுக்க ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) எழுதியிருந்தால் அதில் பெயர் உள்ளவர், இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகள். பிள்ளைகளில் மூத்தவர், ஆண், பெண் என்ற பேதம் இல்லை. எல்லோரும் ஒரே படி. கோப்பைத் திறந்து பெயரைப் பார்த்தபிறகு ஃபோன் எடுங்கள்.

கோயிலிலோ கலியாண வீட்டிலோ "எங்கள் மாமா உங்கள் இடத்தில்தானே, எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். பாசத்தில்தான் கேட்பார்கள். "நல்லா இருக்கிறார்" என்பதுகூடச் சொல்லக்கூடாத தகவல். "மாமியிடம் கேளுங்கோ, நான் வேலை விஷயம் கதைக்கிறதில்லை" என்று சிரித்தபடி சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பில் போடும் பிறந்தநாள் கேக் படத்தின் பின்னால் சக்கரநாற்காலியில் ஒருவர் முகம் தெரிந்தாலும் அதே சிக்கல்தான்.

எழுதி வைப்பது, தவறு நடந்தால்

"ஆக்ரோஷமாக இருந்தார்" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் விளங்காது. "சட்டை மாற்றும்போது வலது தோளைத் தூக்கியதும் கத்தினார், கையைத் தட்டிவிட்டார்" என்று எழுதினால், தோளில் வலி இருக்கிறது என்று அடுத்தவருக்கு விளங்கும். மனநோய் மருந்துக்குப் பதிலாக வலிமருந்து போகும். கொடுக்குமுன்பே கொடுத்ததாகக் குறிக்கவும் வேண்டாம்.

மருந்து மாறிக் கொடுபட்டுவிட்டது என்று தெரிந்தால், மறைக்க நினைக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் ஆளுக்கு ஆபத்து. முதலில் அவரிடம் போய் பிரஷர், நாடி, மூச்சு, சீனி, தெளிவு எல்லாம் பாருங்கள். பிறகு ஆர்.என்.னுக்கும் டொக்டருக்கும் சொல்லி, என்ன பார்க்கவேண்டும், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதுங்கள். பார்மசிக்கும், அவருக்கோ அவருடைய முடிவெடுப்பவருக்கோ தெரியப்படுத்தவேண்டும். விதியும் அதைத்தான் சொல்கிறது. சம்பவ அறிக்கையை வீட்டுக்குப் போகுமுன் முடித்துவிட்டு, அடுத்த ஷிஃப்ட் தாதியை அவருடைய அறைக்கே கூட்டிக்கொண்டுபோய், எதைக் கவனிக்கவேண்டும் என்று நேரே காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.