லூவா டேபிளில் 17ஆம் எண் காணாமல் போனபோது

எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்தின் கணக்கு என் அப்பாவின் கையில் இருக்கிறது. உறுப்பினர் 42 பேர். இரு வேளையும் ஊற்றிய லிட்டரை அவர் குறித்துத் தருவார். வாரக் கடைசியில், லூவா என்ற நிரல்மொழியில் நான் எழுதிய நிரல் பட்டுவாடாப் பட்டியலை அச்சிடும். 17ஆம் எண்காரர் மாடுகளை விற்றுவிட்டு விலகினார். அவருடைய இடத்தில் 'நில்' (nil, லூவாவில் 'மதிப்பு எதுவும் இல்லை' என்று பொருள்) என்று வைத்து நீக்கினேன். அந்த வாரம் அச்சில் 16 பெயர்கள்தான் வந்தன. "ஏனப்பா, பதினாறுக்கு மேல் ஒருவரும் பால் ஊற்றவில்லையா?" என்று அப்பா கேட்டார். மீதி 25 வீட்டுப் பணம். அன்று இரவே உட்கார்ந்தேன்.

லூவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த மொழி. பட்டியல், அகராதி இரண்டுக்கும் அதில் டேபிள் என்ற தரவு அமைப்பு ஒன்றுதான். எண் 1இலிருந்து தொடங்கும். பைத்தான் மொழியில் வரிசை எண் தரும் என்யூமரேட் 0இலிருந்து எண்ணுவதைப் பழகியவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கூட்டிவிடுவார்கள். கூட்ட வேண்டாம்.

என் நிரலில் டேபிளின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தர இருந்தது ஐபேர்ஸ் (ipairs). அது 1, 2, 3 என்று போகும். முதல் 'நில்' எதிர்ப்பட்டதும் நின்றுவிடும், பிழைச்செய்தி எதுவும் தராது. சரி, நீளத்தைக் கேட்டு அதுவரை லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) ஓட்டலாம் என்றால் அதிலும் சிக்கல். நடுவில் ஓட்டை விழுந்த டேபிளுக்கு # குறி தரும் நீளம் 16ஆகவும் இருக்கலாம், 42ஆகவும் இருக்கலாம். மொழியின் விதிப்படி இரண்டுமே சரியான விடைகள். பணப் பட்டுவாடாவை இதை நம்பி நடத்த முடியாது.

அடுத்து, அதே வேலைக்கான பேர்ஸ் (pairs). இது ஓட்டைகளைத் தாண்டி எல்லாரையும் காட்டும். ஆனால் எந்த வரிசையில் காட்டும் என்பதற்கு உறுதி கிடையாது. சோதித்துப் பார்த்தபோது வரிசையாக வந்ததே என்று மகிழாதீர்கள். வேறொரு நாள் 23க்குப் பிறகு 5 வரலாம். பேர்ஸ் தரும் முதல் மதிப்பு அந்தப் பதிவின் சாவி, அதாவது டேபிளில் அதை அடையாளம் காட்டும் எண்; இங்கே உறுப்பினர் எண். அது எத்தனையாவது பதிவு என்பது வேறு கணக்கு. நான் குழம்பிய இடம் இதுதான். உறுப்பினர் எண் 18 என்பவர் பட்டியலில் 17ஆவது வரியில் வரலாம். ஆகவே வரிசை எண் வேண்டுமானால், லூப்புக்கு வெளியே ஒரு மாறியில் 0 வைத்து, உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக 1 கூட்டுங்கள். லூப்புக்கு உள்ளேயே 0 வைத்தால் எல்லா வரியிலும் 1 என்றே அச்சாகும்.

வரிசையும் வேண்டும் என்றால், பேர்ஸ் கொண்டு சாவிகளை மட்டும் ஒரு புதிய டேபிளில் சேருங்கள், டேபிள்.சார்ட்டால் அடுக்குங்கள், பிறகு அந்தச் சாவி டேபிளை ஐபேர்ஸால் சுற்றுங்கள். இப்போது ஐபேர்ஸ் தருவது வரிசை எண், அதன் மதிப்பு உறுப்பினர் எண். கோப்பிலிருந்து படித்த எண்களை டூநம்பரால் எண்ணாக மாற்றிவிடுங்கள். லூவாவுக்கு 9 என்ற எண்ணும் "9" என்ற எழுத்துச்சரமும் வெவ்வேறு சாவிகள். எழுத்துச்சரமாக அடுக்கினால் "10" முன்னாலும் "9" பின்னாலும் நிற்கும்.

நான் கடைசியில் தேர்ந்தது வேறு வழி. உறுப்பினர் எண்ணைச் சாவியாக வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் எண், பெயர், லிட்டர் கொண்ட சிறு டேபிளாக்கி, அவற்றை 1இலிருந்து இடைவெளியில்லாமல் அடுக்கினேன். விலகியவரை 'நில்' ஆக்காமல் டேபிள்.ரிமூவால் எடுக்கிறேன். அது பின்னால் இருப்பவர்களை ஒரு படி முன்னே இழுத்து ஓட்டையை மூடிவிடும்.

லூப்புக்குள் இப்படி எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 4, 5 ஆகிய இரு இடங்களில் இருப்பவர்களும் விலகியவர்கள் என்று வையுங்கள். 4ஐ எடுத்ததும் 5இல் இருந்தவர் 4க்கு வந்துவிடுவார். லூப்போ 5க்குப் போய்விடும். அவர் தப்பிவிடுவார். அதோடு, லூப்பின் முடிவெல்லை தொடக்கத்தில் ஒருமுறைதான் கணக்கிடப்படுகிறது. டேபிள் சுருங்கியது அதற்குத் தெரியாது. கடைசியில் இல்லாத பதிவைத் தொட்டு நிரல் பிழையோடு நிற்கும். ஆகவே கடைசி எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் 1 குறைத்தபடி, 1 வரை பின்னோக்கி வாருங்கள். நகர்கிறவர்கள் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்களாகவே இருப்பார்கள்.

பேர்ஸ் ஓடும்போது இருக்கும் பதிவை 'நில்' ஆக்கலாம், அது அனுமதிக்கப்பட்டதே. புதிய சாவியைச் சேர்க்கக் கூடாது.

இப்போது பட்டியலில் இரண்டு எண்கள் அச்சாகின்றன: இடது ஓரத்தில் வரிசை எண், பெயருக்கு முன்னால் உறுப்பினர் எண். கடைசி வரியில் 41, அதன் பக்கத்தில் 42. அப்பா அந்த 41ஐத்தான் முதலில் பார்க்கிறார்.