ராத்திரி பயத்தை நான் சமாளித்த விதம்

சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சி ரிசல்ட்டில் புரோஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) புற்றுநோய் என்று வந்த பிறகு, பகல் எப்படியோ ஓடிவிடும். அம்பாசமுத்திரம் பஜாரில் நாலு பேரைப் பார்த்தால் மனசு மாறிவிடும். ராத்திரிதான் பொல்லாதது. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. வருகிற பயத்தையெல்லாம் கேள்வியாக எழுதி வைத்தேன். ‘பரவியிருக்கா?’, ‘ஆபரேஷன் பண்ணினால் மூத்திரத்தை அடக்க முடியுமா?’, ‘தாம்பத்தியம் என்ன ஆகும்?’ கடைசிக் கேள்வியை எழுதவே கூச்சம். பாளையங்கோட்டை டாக்டரிடம் வீட்டுக்காரிதான் அதையும் சேர்த்து வாசித்துவிட்டாள்! அவர் சிரிக்காமல் விளக்கினார். பயாப்சியை வைத்து, நோய் எவ்வளவு வேகமானது என்று போடுகிற கிளீசன் ஸ்கோர் எனக்கு 3+3, அதாவது 6. இருப்பதிலேயே வேகம் குறைந்த ரகம். என் நிலைக்கு உடனே கத்தி வேண்டாம், பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டில் உண்டாகிற ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், மறுபடி பயாப்சி என்று கண்காணித்தால் போதும் என்றார். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஸ்கோர் கூடினால் வைத்தியமே மாறலாம்.

அப்புறம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள். உட்கார்ந்ததுமே யார் யார் கேன்சரில் போனார்கள் என்று கணக்கு எடுப்பார்கள். அவர்களை மச்சானிடம் விட்டேன். “அத்தானுக்கு ஒண்ணுமில்ல, டாக்டர் பாத்துக்கிடுதாவ” என்று சொல்லி, திண்ணையிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவான்.

பிஎஸ்ஏ எடுக்கிற வாரம் மட்டும் இன்னும் தூக்கம் கெடுகிறது. அந்த வாரம் விடியக்காலம் தாமிரபரணியில் முங்கிவிட்டு வருவேன். ரிசல்ட் வரும்வரை கண்டதையும் தேடிப் படிக்காமல் இருக்க, போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் அதில் சீரியல் பார்க்கிறாள்.