அவசரக் கதவுக்கு அலாரம் பேனிக் பார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அவசர வழிக் கதவு உள்ளிருந்து எந்த நேரமும் திறக்க வேண்டும். ஆனால் யாரும் சும்மா திறந்து போகவும் கூடாது. பூட்டுப் போட்டால் தீ விபத்தில் ஆள் உள்ளே சிக்கிக்கொள்வார். அதனால்தான் பூட்டாமல், திறந்தால் கத்துகிற மாதிரி வைக்கிறோம். கதவின் குறுக்கே இருந்து, தள்ளினால் தாழை விடுவிக்கும் பட்டைதான் பேனிக் பார்; அதோடு அலாரமும் சேர்ந்தது அலாரம் பேனிக் பார்.

படி 1: கதவைப் பாருங்கள்

அகலம், கனம், மரமா இரும்பா, ஒற்றையா இரட்டையா, கீல் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீல் பக்க விளிம்பில் தீத்தடுப்புச் சான்றுத் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சாதாரண பேனிக் பார் உதவாது. அதில் தாழை உள்ளிழுத்தபடியே நிறுத்தி வைக்க வழி உண்டு. தீக்கதவோ ஒவ்வொரு முறை மூடும்போதும் தாழ் விழுந்தே ஆக வேண்டும். தீக்கதவுக்கென்று சான்று பெற்ற பாரையே கேளுங்கள்.

படி 2: வகையை முடிவு செய்யுங்கள்

கதவில் ஏற்கெனவே நல்ல பேனிக் பார் இருந்தால் தனி அலாரம் பெட்டி மட்டும் போதும். புதிதாகப் போடுவதானால் அலாரம் உள்ளேயே அமைந்த பார் வாங்கலாம். வெளியாட்கள் புழங்கும் கட்டடத்துக்கு ஐரோப்பியத் தர எண் இ.என் 1125, பழகிய ஊழியர்கள் மட்டும் போகிற கதவுக்கு இ.என் 179.

மூன்றாவது வகை, அழுத்திய பின் 15 விநாடி தாமதித்துத் திறப்பது. திருட்டைத் தடுக்கக் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் தீ அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ அது உடனே விடுபட வேண்டும், கதவில் அறிவிப்பும் ஒட்ட வேண்டும், கூட்டம் கூடும் பல இடங்களில் அனுமதியே இல்லை. தீயணைப்புத் துறையைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

படி 3: தாழும் மின்சாரமும்

ஒற்றைக் கதவுக்கு மேற்பரப்பில் பொருத்தும் தாழே எளிது. இரட்டைக் கதவில் நடுவே கழற்றக்கூடிய தூண் வைப்பது நல்லது. கதவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் கம்பி ஓடித் தாழிடும் வகையில், தரைக்குழியில் அழுக்கு சேர்ந்தால் கீழ்த்தாழ் இறங்காது.

பல அலாரங்கள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடி 100 டெசிபல் அளவில் கத்தும். கிடங்கின் கோடியில் அது யார் காதில் விழும்? அங்கே கட்டுப்பாட்டு அறைக்கு சிக்னல் அனுப்பும் ரிலே உள்ளதாக வாங்குங்கள்.

அலாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சாவி சிலிண்டர் பெரும்பாலும் தனியாகத்தான் விற்கப்படும். அதன் பின்புற நாக்கு பொருந்தாவிட்டால், சாவி சுற்றும். அலாரம் மட்டும் ஆன் ஆகாது.

படி 4: பொருத்துங்கள்

தரையிலிருந்து 865 முதல் 1220 மி.மீ. உயரத்துக்குள் பார் வர வேண்டும். அழுத்தும் பகுதி கதவின் அகலத்தில் பாதியாவது இருக்கட்டும். உள்ளீடற்ற இரும்புக் கதவில் வெறும் ஸ்க்ரூ நாளடைவில் பிடி தளரும், ஊடுருவும் போல்ட் போடுங்கள். கதவு திறந்ததை அலாரத்துக்கு உணர்த்தும் காந்தம் நிலைச்சட்டத்தில், சென்சாருக்கு நேர் எதிரே வர வேண்டும். காற்றில் கதவு ஆடி இடைவெளி கூடினால் நள்ளிரவில் வெற்று அலாரம் அடிக்கும். பெரும்பாலும் கோளாறு அலாரத்தில் இருக்காது, கதவைத் தானாக மூடும் டோர் குளோசர் தளர்ந்ததில் இருக்கும்.

படி 5: சோதியுங்கள்

அலாரத்தை ஆன் செய்து ஒரே கையால் தள்ளுங்கள்: உடனே திறக்க வேண்டும், உடனே கத்த வேண்டும். கதவைத் தானாக மூட விட்டு, தாழ் விழுகிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி தள்ளுங்கள். சத்தம் வராது, கதவு திறந்தே ஆக வேண்டும்.