கஷ்டப்பட்ட வீட்டுக்கு நெட்: ரீலோட்டை விடுங்கள், ரவுட்டரைப் பாருங்கள்

கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு உதவ நினைக்கிறவர்கள் முதலில் செய்வது போனுக்கு ஒரு ரீலோட் போட்டுவிடுவதுதான். தப்பில்லை, ஆனால் இரண்டு நாளில் முடிந்துவிடும். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் கூலிக்குப் போகும் வீடுகளில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், ஐம்பதும் நூறுமாகப் போட்ட காசு மாதக் கடைசியில், சிம் போட்டு வீடு முழுக்க வைஃபை கொடுக்கும் ரவுட்டருக்கான பேக்கேஜுக்குக் கிட்ட வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரவுட்டருக்கு மொத்தமாகக் கொடுக்கக் காசு இல்லாததால்தான் ஒவ்வொரு ஜீபிக்கும் கூடின விலை கொடுக்கிறார்கள். நீங்கள் தூக்க வேண்டியது அந்த முதல் செலவை.

கணக்கை ஞாபகத்தில் கேட்காதீர்கள், போனில் இருக்கும் ரீலோட் எஸ்எம்எஸ்களைப் பார்த்துக் கூட்டுங்கள்.

அப்புறம் சிக்னல். டயலொக், மொபிடெல், ஹட்ச் சிம்களை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொண்டு போய், அந்த வீட்டுக்குள்ளேயே, இரவு ஏழு எட்டு மணிக்குச் சோதித்துப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடும், ஊரே நெட் பார்க்கும் நேரத்தில் ஓடுகிறதா என்பதுதான் விஷயம். தகரக் கூரை சிக்னலை மறிக்கும், ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் உயர வையுங்கள். வீதிக்கு ஃபைபர் வந்திருந்தால் இணைப்புக் கட்டணத்தையும் விசாரியுங்கள். செயற்கைக்கோள் வழியாக நெட் தரும் ஸ்டார்லிங்க் 2025 இல் இலங்கைக்கு வந்துவிட்டதுதான், ஆனால் அந்தக் கருவியின் விலைக்கு நாம் பேசும் வீடுகள் பக்கத்திலும் போக முடியாது.

பழைய ரவுட்டர் மலிவாகக் கிடைக்கும். சில ரவுட்டர்கள் ஒரே கம்பனி சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும், ஆகவே நீங்கள் போடப்போகும் சிம்மையே போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ரவுட்டர் வாங்கும் காசை இனாமாகக் கொடுப்பதைவிட மாதர் சங்கத்திலோ சொந்தக்காரருக்குள்ளோ சீட்டு மாதிரிச் சுற்றவிட்டால், ஒரு வீட்டார் காசைத் திருப்பிக் கட்டி முடித்ததும் அது அடுத்த வீட்டுக்குப் போகும்.

ப்ரீபெய்ட் மட்டும் எடுங்கள். வெள்ளாமை வெட்டும் காலத்தில் கையில் காசு இருக்கும், மாரியில் கடலுக்கும் போக முடியாது வயலிலும் வேலை குறைவு, பில் மட்டும் நிற்காமல் வரும். நான் ஒருதரம் இரக்கப்பட்டு என் அடையாள அட்டையில் ஒரு போஸ்ட்பெய்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வேலை தேடி வேறு ஊருக்குப் போன பிறகும் நாலு மாதம் நான்தான் கட்டினேன். விளம்பரத்தில் போடும் விலை வரி சேராத விலையாக இருக்கலாம், அதையும் கேளுங்கள். வற் (VAT) மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம்.

பகல் டேட்டா வேறு, இரவு டேட்டா வேறு என்று பிரித்துக் கொடுக்கும் பேக்கேஜில் பெரிய எண்ணைக் கண்டு ஏமாற வேண்டாம், பாதி நள்ளிரவுக்குப் பிறகுதான் ஓடும். ஏலெவல் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழும்புகிற வீடென்றால் அது நல்லதுதான், பாட வீடியோக்களை அந்நேரம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் காசு வீண்.

ஒரே வளவில் அக்கா வீடும் தங்கச்சி வீடும் இருந்தால் ஒரு ரவுட்டர் போதும், பாதிப் பாதி போடட்டும். ஆனால் வைஃபையை வெளியாட்களுக்குக் காசுக்கு விற்கக் கூடாது, இணைப்பு நிபந்தனைக்கு எதிரானது. பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள், சண்டை வருவது அதில்தான்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் எல்லாப் போனையும் வாங்கி, வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், யூடியூப்பின் வீடியோ தரத்தை டேட்டா சேவரில் வையுங்கள், பிளே ஸ்டோர் ஆட்டோ அப்டேட்டையும் நிறுத்திவிடுங்கள். சின்னவரின் போனை மறக்க வேண்டாம், கார்ட்டூன் ஓடுவது அதில்தான்.