கிளியோபிளாஸ்டோமா: அறிக்கையை வாசிப்பதும் மருத்துவரிடம் கேட்க வேண்டியதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டுக்குள் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயின் பெயர் நுழைந்தால், அன்றிரவே யாராவது ஒருவர் கைபேசியில் தேடி, "பதினைந்து மாதம்தானாம்" என்று சொல்லிவிடுகிறார். என் அண்ணனுக்கு இந்நோய் கண்டபோது எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அந்த எண் பொய்யன்று. ஆனால் அது யாரைக் குறித்த கணக்கு, நம் நோயாளி அதில் எங்கே நிற்கிறார் என்பது தெரியாமல் முடிவெடுக்கத் தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம்.

ஆகவே முதல் வேலை, காகிதங்களைச் சேர்ப்பது. திசு ஆய்வறிக்கை, அறுவைக் குறிப்பு, ஒவ்வொரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் தேதி வரிசைப்படி வையுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. வட்டார மருத்துவமனையிலிருந்து டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்கு இந்த ஃபைல் மிகவும் உதவும். இடம் மாறும்போது காகிதம் பின்தங்கிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வில் 18 முதல் 70 வயது வரையிலான 573 பேர் பங்கேற்றனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதம், அதனுடன் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்குப் பின்னும் வாழ்ந்தார்கள் என்று பொருள். மாத்திரை பெற்றவர்களில் 26.5 விழுக்காட்டினர் இரண்டாண்டைத் தாண்டினர். ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஐந்தாண்டைக் கடந்தார். யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை ஓரளவு சொல்லக்கூடிய தகவல்கள் திசு ஆய்வறிக்கையில் இருக்கின்றன.

அதில் முதலில் ஐ.டி.எச். என்ற வரியைத் தேடுங்கள். 2021ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் இல்லாத கட்டியையே கிளியோபிளாஸ்டோமா என்று அழைக்கிறார்கள். மாற்றம் இருந்தால், அது நான்காம் தரக் கட்டியாகவே இருந்தாலும், வேறு பெயர் பெறுகிறது. அந்நோயாளிகள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அடுத்த வரி எம்.ஜி.எம்.டி. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். டெமோசோலமைடு புற்றணுவின் டி.என்.ஏ.வில் ஏற்படுத்தும் சேதத்தைச் செப்பனிடும் நொதியே எம்.ஜி.எம்.டி. அதற்கான மரபணு, மெத்திலேற்றம் என்ற வேதி மாற்றத்தால் அடைக்கப்பட்டிருந்தால் செப்பனிடும் வேலை நடவாது, மருந்து நன்றாக வேலை செய்யும். மேற்சொன்ன ஆய்வில் கதிர்வீச்சும் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில், மெத்திலேற்றம் உள்ளவர்களின் இடைநிலை வாழ்நாள் 21.7 மாதம், இல்லாதவர்களுக்கு 12.7 மாதம். எல்லா அறிக்கையிலும் இந்த வரி தானாக இடம்பெறுவதில்லை. இல்லையென்றால், மெழுகில் பதித்துவைத்த திசுவில் இப்போதாவது இந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

அறுவைக் குறிப்பில் பார்க்க வேண்டியது, கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது, எவ்வளவு மிஞ்சியது என்பது. இதை அறுவைக்குப் பின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். நாள் கடந்தால் அறுவைக் காயத்தின் மாற்றங்கள் மிச்சக் கட்டியைப் போலவே தோன்றும். மிச்சம் குறையக் குறைய வாழ்நாள் கூடுகிறது. எனினும் பேச்சு, கை கால் அசைவு ஆகியவற்றை ஆளும் பகுதியில் கட்டி இருந்தால், முழுவதையும் எடுக்காமல் நிறுத்துவதே நல்ல மருத்துவரின் தீர்ப்பாக இருக்கலாம்.

வயது, நம் கையில் இல்லாத காரணி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறு வாரக் கதிர்வீச்சுக்குப் பதிலாக 15 தவணைகளில் முடியும் குறுகிய முறையும் உண்டு. 2017இல் வெளியான ஆய்வில் அதனுடன் டெமோசோலமைடு சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாக உயர்ந்தது. நோயாளியின் அன்றாடச் செயல்திறனை நூற்றுக்குக் கணக்கிடும் கார்னாஃப்ஸ்கி மதிப்பெண்ணையும் கேட்டறியுங்கள். 70 என்றால் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடியும், வழக்கமான வேலை செய்ய முடியாது என்று பொருள். வயதைப் போலன்றி இது மாறக்கூடியது. வலிப்பு கட்டுப்பட்டு மூளை வீக்கம் வடிந்தால் உயரவும் செய்யும்.

நோய் ஏன் மீண்டும் வருகிறது என்பதை வீட்டார் அனைவருக்கும் விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால், "அதைத் தின்றதால் வந்தது, இதைச் செய்யாததால் வந்தது" என்று பழி யார் தலையிலாவது விழும். இந்தப் புற்றணுக்கள் ஸ்கேனில் தெரியும் எல்லைக்கு வெளியே, நலமான மூளைக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருக்கின்றன. 1928இல் வால்டர் டான்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், ஒருபக்கம் செயலிழந்த நோயாளிகளுக்கு வலப்பக்கப் பெருமூளை முழுவதையுமே அகற்றிப் பார்த்தார். அப்போதும் நோய் திரும்பியது. பெரும்பாலும் அது பழைய இடத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்ளேயே மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆனால் ஸ்கேனில் பெரிதாகத் தெரிவதெல்லாம் நோய் திரும்பியதாக ஆகாது. கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதங்களில், சிகிச்சையின் விளைவான வீக்கமே வளர்ச்சி போலத் தோன்றலாம். இதைப் போலி வளர்ச்சி என்கிறார்கள். என் அண்ணனின் முதல் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேசத் தொடங்கிவிட்டோம். இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அது சுருங்கியிருந்தது. ஆகவே அந்தக் காலத்தில் கெட்ட செய்தி வந்தால், "இது போலி வளர்ச்சியாக இருக்கலாமா, அடுத்த ஸ்கேன் எப்போது?" என்ற கேள்வியை எழுதியே எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சையை இடையில் விடாமல் முடிப்பதில் வீட்டாரின் பங்கு பெரிது. வழக்கமான முறையில் 30 தவணைக் கதிர்வீச்சு, திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். டோங்காட்டிலிருந்து நாள்தோறும் டர்பன் வந்துபோவது எளிதன்று; முதல் வாரத்திலேயே சமூகப் பணியாளரிடம் போக்குவரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் மாத்திரைக்கான முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில், வாந்தித் தடுப்பு மருந்துக்குப் பின் கொடுக்க வேண்டும். இரத்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது, ஏனெனில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால் மருந்தை நிறுத்திவைப்பார்கள்.

வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு என்பதால் குளூக்கோமீட்டரால் அடிக்கடி சோதியுங்கள். அந்த மருந்தைத் திடீரென நிறுத்தவும் கூடாது. புரட்டாசியில் மரக்கறி உணவு உண்பதில் தடையில்லை. ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவர் முழுப் பட்டினி விரதம் இருக்க வேண்டாம். மூலிகை எதையும் கொடுப்பதற்கு முன் ஆன்காலஜி கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

நோய் உண்மையாகவே திரும்பினால் இரண்டாம் அறுவை, மறு கதிர்வீச்சு, லோமஸ்டின் என்னும் மருந்து, பெவாசிசுமாப் ஊசி ஆகியவை பேச்சுக்கு வரும். பெவாசிசுமாப் வீக்கத்தைக் குறைத்து ஆறுதல் தரலாம். வாழ்நாளை நீட்டியதாக ஆய்வுகள் காட்டவில்லை. எந்தச் சிகிச்சையானாலும் அதனால் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும், எத்தனை நாள் மருத்துவமனையில் கழியும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் இந்தப் பேச்சு வீட்டுப் பெரியவர்களுக்கு விளங்காவிட்டால், அன்றே தமிழில் உட்கார்ந்து சொல்லுங்கள். கட்டி இடப்பக்கம் இருந்தால் நோயாளியின் பேச்சு முன்னதாகவே தடுமாறக்கூடும். எங்கே இருக்க விரும்புகிறார், எதை வேண்டாம் என்கிறார் என்பதை முதல் மாதங்களிலேயே அவர் வாயால் கேட்டு, தேதியிட்டு அதே ஃபைலில் வைத்துவிடுங்கள்.